பதிவில் இருந்த நான்கு வரிகள்

அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டு மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நாற்பது பேர் ஒரே மாடியில் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில் முதுகுக்குப் பின்னால் பேசுவது என்று ஒன்று கிடையாது. அவள் காதில் அது தினமும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

காது கேளாதவர்களுக்கான காதுக்கருவி விற்கும் நிறுவனம் அது. தலைமையகம் கடல் தாண்டி வேறொரு நாட்டில் இருந்தது, இது கிளை. வாடிக்கையாளர் புகார்களைக் கவனிப்பதுதான் அவளுடைய உண்மையான வேலை. மூன்று வருடங்களுக்கு முன் நாட்டில் தனியுரிமைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரை வைத்தாக வேண்டும் என்றார்கள். கிளையில் சட்டம் படித்தவள் அவள் ஒருத்திதான், அதனால் அந்தப் பதவியின் பெயர்ப்பலகை அவள் மேசைக்கு வந்து சேர்ந்தது. சும்மா பெயருக்குத்தான் என்றார் கிளை மேலாளர். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வாரமே சுவரில் ஒட்டியிருந்த ஊழியர் பிறந்தநாள் பட்டியலைக் கிழித்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் பூட்டு மேடம்.

அந்தக் காதுக்கருவியில் ஒரு வசதி உண்டு. விரல் நுனி அளவு இருப்பதால் அடிக்கடி தொலையும். தலையணை உறை, பேருந்து இருக்கை, சட்டைப் பை என்று எங்கேயாவது கிடக்கும். அதற்காக, கருவி இருக்கும் இடத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் வழியாகத் தலைமையகத்து சர்வருக்கு அனுப்பிவிடும். தொலைந்தால் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். தொலையாதபோதும் அது அனுப்பிக்கொண்டேதான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை கிளை மேலாளர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சீக்கிரம் வியர்த்துவிடும். அன்று காலையிலேயே கைக்குட்டை நனைந்திருந்தது.

"ஒண்ணும் இல்ல மேடம். ஒரு கையெழுத்து. ஆட்சேபணை இல்லைன்னு."

"எதுக்கு ஆட்சேபணை இல்லைன்னு சார்?"

"படிச்சுத்தான் பாருங்களேன்."

தலைமையகத்தின் சட்டப் பிரிவு அனுப்பிய கடிதம். போன மாதம் இந்த நகரத்தில், தலைமையகம் இருக்கும் நாட்டின் தூதரகத்தின் முன்னால் ஒரு மதியம் கூட்டம் கூடியது. அந்த நாட்டுச் சுரங்க நிறுவனம் ஒன்று இங்குள்ள ஆற்றில் கழிவைக் கொட்டியது பற்றிய கூட்டம். அன்று இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அந்தத் தெருவில் காதுக்கருவியோடு இருந்தவர்கள் முப்பத்தேழு பேர். அவர்களின் பெயர், விலாசம், முப்பது நாள் நடமாட்டம் அத்தனையும் வேண்டும் என்று அந்த நாட்டுப் பாதுகாப்புத் துறை தலைமை நிறுவனத்துக்கு உத்தரவு போட்டிருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்லக் கூடாது என்றும் அதில் இருந்தது.

"கூட்டத்துல கலாட்டா எதுவும் நடந்துச்சா சார்?"

"இல்லையாம். உட்கார்ந்து பாட்டு பாடினாங்களாம்."

"காது கேக்காதவங்க பாட்டு பாடினதுக்கா?"

மேலாளருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அது நமக்கு எதுக்கு? தரவு அவங்க நாட்டுல இருக்கு. சட்டம் அவங்க சட்டம்."

"தரவு அங்க இருக்கு சார். ஆளுங்க இங்க இருக்காங்க."

இங்குள்ள சட்டம் அவளுக்கு மனப்பாடம். வெளிநாட்டு அரசு நம் மக்களுடைய விவரத்தைக் கேட்டால் அது இங்குள்ள தனியுரிமை ஆணையம் வழியாகத்தான் வர வேண்டும். அப்படி வராத கோரிக்கை ஒன்று தெரியவந்தால், தெரிந்த மூன்று நாளுக்குள் அதிகாரி ஆணையத்துக்கு எழுத வேண்டும்.

"நீங்க போடலைன்னா மட்டும் என்ன?" என்றார் மேலாளர். "அவங்க சர்வர். வேணும்னா எடுத்துக்கப் போறாங்க."

"அதான் சார் எனக்கும் புரியலை. தானே எடுத்துக்க முடிஞ்சவங்க என் கையெழுத்தை எதுக்குக் கேக்கறாங்க?"

அந்தக் கேள்வியோடுதான் அவள் கிளையின் கணினிகளைக் கவனிக்கும் சர்வர்காரரின் அறைக்குப் போனாள். எப்போதும் குளிர்சாதனத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பதால் வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டை போட்டிருப்பவர். யார் யார் வாடிக்கையாளரின் இருப்பிட விவரத்தைத் திறந்து பார்த்தார்கள் என்ற பதிவு ஒரு வருடத்துக்கு வேண்டும் என்றாள். அவர் எடுத்துக் கொடுத்தார். பதினோரு பக்கம். பெரும்பாலும் தொலைந்த கருவிகள்தான். பார்த்தவர் பெயர், வாடிக்கையாளர் எண், காரணம் என்ற இடத்தில் புகார் எண்.

கடைசிப் பக்கத்தில் அவள் தேடியது கிடைத்தது. போன வியாழக்கிழமை, தலைமையகச் சட்டப் பிரிவின் கணக்கிலிருந்து முப்பத்தேழு பேருடைய விவரம் ஒரே மூச்சில் இறக்கப்பட்டிருந்தது. கடிதம் வந்தது திங்கட்கிழமை. எடுத்து முடித்துவிட்டு, நான்கு நாள் கழித்து ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

"மாட்டிக்கிட்டாங்க," என்றாள்.

சர்வர்காரர் சிரிக்கவில்லை. ஆறாவது பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். "மேடம், இதையும் ஒரு தடவை பார்த்துடுங்க."

நான்கு வரிகள். ஒரே வாடிக்கையாளர் எண், அடுத்தடுத்து நான்கு நாட்கள், எட்டு மாதத்துக்கு முன். பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர். காரணம் என்ற இடம் காலியாக இருந்தது.

மறந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

அந்த எண் அவளுடைய மாமனாருடையது. முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவர். பக்கத்திலேயே இரைந்த என்ஜின் அவர் காதைத் தின்றுவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு மதியம் சாப்பிட்டதும் கிளம்பிப் போவார், நான்கு மணிக்கு மேல் வருவார். எங்கே என்று கேட்டால், "சும்மா காலாற" என்பார். ஒருநாள் ஏழு மணியாகியும் வரவில்லை. அவள் கணவன் தவித்துப் போனான். பள்ளியில் கணக்கு வாத்தியார் அவன், விடை வராத எதுவும் அவனுக்கு ஆகாது. மறுநாள், "உங்க ஆபீஸ்ல பார்த்தா தெரியும்ல? ஒரே ஒரு தடவை" என்றான். அவள் பார்த்தாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத்தின் மேல் புள்ளி நின்றது. மறுநாளும் அங்கேயே. மொத்தம் நான்கு நாள் பார்த்தாள், நான்கு நாளும் அதே கட்டடம். ஐந்தாம் நாள் கணவன் பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு எதிரில் இருந்த கடையில் போய் நின்றான். வெளியே வந்த மாமனார் மகனைப் பார்த்தார். இருவரும் ஒன்றாகவே வீட்டுக்கு நடந்து வந்தார்கள். அதற்குப் பிறகு மதியங்களில் அவர் எங்கேயும் போகவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"இது டெஸ்டிங்னு காரணம் போட்டுடலாம் மேடம்," என்றார் சர்வர்காரர், தாழ்ந்த குரலில். "நானே போடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பதிவில் கை வைத்தால் வியாழக்கிழமை வரியும் சந்தேகத்துக்கு உள்ளாகும் என்று அவளுக்குத் தெரியும். அப்படி ஒரு சட்டக் காரணம் கையில் கிடைத்ததற்கு அவள் சந்தோஷப்பட்டாள், பிறகு அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு வெட்கப்பட்டாள். சட்டக் காரணம் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

பதிவை முழுதாக ஆணையத்துக்குக் கொடுக்கப்போவதாக மேலாளரிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "உங்களுக்கு என்ன பைத்தியமா? உங்க தலையையும் சேர்த்துத் தட்டுல வச்சுக் கொடுக்கறீங்க. அவங்க வக்கீல் முதல்ல இதைத்தானே பிடிப்பான்?"

"பிடிக்கட்டும் சார். ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணும். வீடு வரைக்கும் போயிட்டு வரேன்."

சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. யாருடைய விவரம் தவறாகப் பார்க்கப்பட்டதோ, அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அது ஒரு கடிதமாகவும் இருக்கலாம். ஒரே சாப்பாட்டு மேசையில் உட்காருகிற மனிதருக்குக் கடிதம் எழுதுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாமனார் மேசைமேல் இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிப் போட்டு வைத்திருந்தார். அது ரிப்பேர் ஆகி ஒரு மாதம், அவர் கையில் வந்து மூன்று வாரம்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரும்மா, கூவுது." இடது காதுக் கருவியைக் கழற்றி பேட்டரியை நகத்தால் நெம்பினார். "ம், சொல்லு."

"நீங்க ரயில்பாதைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிட்டு இருந்தீங்கல்ல. அதை நான் பார்த்தேன்."

"எந்த வீட்டுக்குப் போனே?"

"நான் போகலை மாமா. நீங்க போனதைப் பார்த்தேன்." இந்த முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றது போல அவளுக்குத் தோன்றியது.

"எங்க நின்னு பார்த்தே?"

"ஆபீஸ்லேர்ந்து. உங்க கையில இருக்கே, அது சொல்லும். நீங்க எங்க இருக்கீங்கன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லிட்டே இருக்கும். தொலைஞ்சா தேடறதுக்கு. தொலையாமலே நான் தேடினேன். நாலு நாள். அவர்கிட்ட சொன்னேன். அதான் அவர் அங்க வந்தார்."

மாமனார் உள்ளங்கையில் இருந்த கருவியை வெகுநேரம் பார்த்தார். அதை மறுபடியும் காதில் மாட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பவர்போல இருந்தது. பிறகு மாட்டிக்கொண்டார்.

"அப்ப அவன் அங்க நின்னது தற்செயலா இல்ல."

"இல்ல மாமா."

"கண்டக்டர்கிட்ட நான் எட்டு மாசமா பேசறதில்ல. தெரியுமா உனக்கு?"

கண்டக்டர் என்றால் அவருடன் இருபது வருடம் ஒரே பேருந்தில் ஓடியவர். முன்பெல்லாம் வாரம் ஒருமுறையாவது வீட்டுக்கு வருவார்.

"அவருக்கு உடம்பு முடியலைன்னு சொன்னீங்களே?"

"பொய். நான் அங்க போறது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன்தான் வத்தி வச்சான்னு நெனச்சேன். போன் பண்ணினான், எடுக்கலை. வீட்டுக்கு வந்தான், தூங்கறேன்னு சொல்லச் சொன்னேன். நீதானேம்மா போய்ச் சொன்னே, மாமா தூங்கறாருன்னு."

அவள் தலையாட்டினாள். சொன்னது நினைவிருந்தது. வாசலில் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனதும் நினைவிருந்தது.

"எதுக்கு அங்க போனேன்னு கேக்கலையா நீ?"

"கேக்க மாட்டேன் மாமா."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்." இஸ்திரிப் பெட்டியின் திருகாணி ஒன்றை எடுத்து மூடிக்குள் போட்டார். "இப்ப அங்க யாரும் இல்ல. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. போன மாசம் ஒருநாள் காலையில அந்தப் பக்கமா நடந்து போய்ப் பார்த்தேன். அதையும் பார்த்தியா?"

"இல்ல மாமா. சத்தியமா இல்ல."

தான் செய்ததை ஆணையத்துக்கு எழுதிக் கொடுக்கப் போவதாகவும், அவர் பெயர் வராது, எண் மட்டும்தான் வரும் என்றும் சொன்னாள். அவர் திருப்புளியை மேசையில் வைத்தார்.

"எழுது. உன் தப்பை நீ எழுதிக்கோ. அந்த வீட்டு விலாசத்தை மட்டும் எழுதாதே. அது என்னோடது இல்ல, கொடுக்கறதுக்கு."

மூன்று வருடம் தனியுரிமைச் சட்டத்தை வரிவரியாகப் படித்திருக்கிறாள். இந்த ஒன்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. புள்ளி நின்ற அந்தக் கட்டடத்துக்குள் இருந்தவர்களையும் சேர்த்துத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

மாலையில் கணவன் வந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அப்பாவின் முன்னால் போய் நின்றான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீ என்கிட்டயே கேட்டிருக்கலாம்டா."

"கேட்டா சொல்லியிருப்பீங்களாப்பா?"

"சொல்லியிருக்க மாட்டேன். அதுக்காக?"

அவன் பையைக் கீழே வைத்தான். மறுநாள் காலை மாமனார் சட்டை மாட்டிக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து, "வாசல்லயே நிக்க வச்சுக் கிழிகிழின்னு கிழிச்சான். அப்புறம்தான் உள்ள கூப்பிட்டான்" என்றார். அவளிடம் அவர் பழையபடி பேசச் சில வாரங்கள் ஆயின. கோபம் என்று காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அவள் இருக்கும்போது போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஆணையத்தின் விசாரணை பதினைந்து நாள் கழித்து நடந்தது. நீளமான அறை, மூன்று உறுப்பினர்கள், சுவரில் ஒரு திரை. தலைமை நிறுவனத்தின் வக்கீல் திரையில் இருந்தார். மேலாளர் சொன்னது போலவே அவர் முதலில் அந்த நான்கு வரிகளைத்தான் எடுத்தார். காவலுக்கு வைக்கப்பட்டவரே உள்ளே புகுந்து பார்த்திருக்கிறார், இவருடைய புகாரை எப்படி நம்புவது என்று கேட்டார்.

தலைவர் ஒரு வயதான அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "இந்த நாலு வரி இருக்கற பக்கத்தைக் கொடுத்தது நீங்கதானே?"

"ஆமாங்க."

"ஏன் கொடுத்தீங்க?"

தயார் செய்து வைத்திருந்த சட்டப் பிரிவு எண்கள் எதுவும் அவள் வாயில் வரவில்லை. "அந்த முப்பத்தேழு பேருக்கும் சொல்லணும்னு நான் கேக்கறேங்க. என் வீட்டுல இருக்கறவருக்கு மறைச்சுட்டு அதை எப்படிக் கேக்கறது?"

தலைவர் திரையின் பக்கம் திரும்பினார். வியாழக்கிழமை இறக்கிய விவரம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். மைக் வேலை செய்யவில்லையோ என்று ஊழியர் ஒருவர் எழுந்து வந்தார்.

"கொடுத்தாகிவிட்டது," என்றார் வக்கீல். "வெள்ளிக்கிழமையே. எங்கள் நாட்டுச் சட்டம் அப்படி. மறுத்திருந்தால் எங்கள் ஆட்களைச் சிறையில் போட்டிருப்பார்கள்." இதைச் சொல்லும்போது அவர் குரல் வக்கீல் குரலாக இல்லை. அவருக்கும் இரண்டு வாரமாகத் தூக்கம் இருந்திருக்காது என்று அவளுக்குப் பட்டது. அந்த மனிதருடைய நாட்டில் அவர் செய்தது கடமை. அவளுடைய நாட்டில் அது குற்றம். நடுவில் இருந்த முப்பத்தேழு பேருக்கு இரண்டில் எதுவும் தெரியாது.

அன்றே உத்தரவு வந்தது. இந்த நாட்டு வாடிக்கையாளர்களின் இருப்பிட விவரம் இனி இந்த நாட்டிலேயே இருக்க வேண்டும். அதைத் திறக்கும் சாவி கிளையின் கையில் இருக்க வேண்டும். தொலைந்தது என்று வாடிக்கையாளர் சொன்னால் ஒழிய இடத்தைப் பதியக் கூடாது. முப்பத்தேழு பேருக்கும் இரண்டு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். அவள் இரண்டு வருடத்துக்கு எந்த நிறுவனத்திலும் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கக் கூடாது, அந்தத் தகவலைச் சொல்லி முடிப்பது அவளுடைய கடைசி வேலை. வெள்ளிக்கிழமை கொடுத்ததைத் திருப்பி வாங்க மட்டும் எந்தச் சட்டத்திலும் வழி இருக்கவில்லை.

"இவ்வளவும் பண்ணி கடைசில என்ன மேடம்?" என்றார் மேலாளர், லிஃப்டில். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அடுத்த தடவை எடுக்க முடியாது சார்."

போனில் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை, கேட்பவர்களும் போனில் கேட்கக்கூடியவர்கள் இல்லை. எனவே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு வீடாகப் போனாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், "மொத்தம் எத்தனை பேர்? அதுல நான் எத்தனாவது?" என்று கேட்டார். அயல்நாட்டு அரசு தன்னை ஒரு ஆளாக மதித்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஓர் அம்மா அன்று கூட்டத்துக்கே போகவில்லை, அந்தத் தெருவில் பல் டாக்டரிடம் போயிருந்தார். "பல்லு பிடுங்கினதுக்கு எம்பேரு அங்க போகுமா?" என்று அதே கேள்வியை மூன்று முறை கேட்டார். அடுத்த வருடம் பேரனைப் பார்க்க அந்த நாட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது அவருக்கு. விசா கிடைக்குமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒருவர் அவள் முகத்தில் கதவைச் சாத்தினார்.

கடைசிப் பெயர் ஒரு தையல்காரர். கடையில் தனியாக இருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை மெஷினை நிறுத்திவிட்டு அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டத்துக்குப் போனது நான்தான். அந்த ஆத்துத் தண்ணியில விளையாடி வளர்ந்தவன். அதை யார் கேட்டாலும் சொல்லுவேன். எதுக்கு ஒளிஞ்சு பார்க்கணும்?"

"தெரியலைங்க."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"அதுவும் சரியாத் தெரியலைங்க. நீங்க அவங்க மேல புகார் எழுதலாம். வேணும்னா எங்க கம்பெனி மேலயும் எழுதலாம். எப்படின்னு நான் சொல்லித் தரேன். பலன் இருக்குமான்னு சத்தியமா தெரியாது."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து அளவு நோட்டை எடுத்தார். சட்டைக்கு அளவு எழுதுகிற பக்கங்களைத் தள்ளி, பின்னால் ஒரு வெற்றுப் பக்கத்தைப் பிரித்து வைத்தார். காதில் செருகியிருந்த பென்சில் இடித்துக் கருவி கூவியது. பென்சிலை எடுத்து முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"அந்தப் பாதுகாப்புத் துறைக்கு என்ன பேரு? எழுத்துக் கூட்டிச் சொல்லும்மா. மெதுவா சொல்லு."

அவள் அவருக்கு முகம் தெரியும்படி வெளிச்சத்தின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, முதல் எழுத்தைச் சொன்னாள்.